பெயர் எழுதாத மருந்து உறை

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்குக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஐந்து வயதான என் மகனுக்கு அடிக்கடி இழுப்பு வரும். பதினைந்து வருடங்களாக எங்கள் குடும்பம் ஒரே டொக்டரிடம்தான் மருந்தெடுக்கிறது. சென்ற மாதம் போனபோது, எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு நெபுலைசர் பிடித்த அதே மாஸ்க்கை உதவியாளப் பெண் துணியால் துடைத்துவிட்டு என் மகனின் முகத்தில் வைத்தார். எனக்கும் அன்று காய்ச்சலும் உடம்பு உளைவும் இருந்ததால் ஊசி போட்டார்கள். ஊசியைத் திரைக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்ததால், அது புதியதுதானா என்று நான் காணவில்லை. பிறகு வழக்கம்போல இருவருக்கும் பெயர் எழுதாத சிறிய உறைகளில் குளிசை தந்தார்கள். சீனி வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும் என் அம்மாவும் இடைக்கிடை இவரிடம் மருந்தெடுப்பவர். "மறுகா டொக்டர் கோவிச்சா யாரிட்டப் போற?" என்று கேட்டு அவர் என்னைத் தடுக்கிறார். டொக்டர் நல்லவர், கைராசிக்காரர். நான் இவற்றைக் கேட்கலாமா? முறையிடுவதென்றால் யாரிடம்? வேறு இடத்துக்கு மாற வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மாஸ்க்கைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உறைகளைப் பற்றி "வழக்கம்போல" என்று ஒரு சொல்லோடு கடந்துவிட்டீர்கள். முப்பத்தொரு வருடங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராகவும், அவற்றில் கடைசி ஒன்பது வருடங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: என்னை அதிகம் கலங்க வைத்தது அந்த "வழக்கம்போல"தான். ஆனாலும் பிள்ளையின் காரியம் முதலில்.

நெபுலைசர் மருந்தை மிக நுண்ணிய துளிகளாக்கி நுரையீரலின் அடி வரைக்கும் கொண்டு போகும் கருவி. ஆகவே மாஸ்க்கிலும் அதன் கீழே உள்ள மருந்துக் கிண்ணத்திலும் கிருமி இருந்தால், அதுவும் அதே வழியாக உள்ளே போகும். மாஸ்க்கின் விளிம்பைத் துணியால் துடைப்பது சுத்தப்படுத்தலே அல்ல, ஏனெனில் பெரும்பாலும் கிருமி வளர்வது கிண்ணத்தின் அடியில் தங்கும் ஈரத்தில். ஒரு பிள்ளைக்கு வைத்த பிறகு அடுத்த பிள்ளைக்கு வேறு மாஸ்க்கும் வேறு கிண்ணமும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பாகங்களைப் பிரித்துச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, தொற்றுநீக்கி, முழுமையாக உலர்த்திய பிறகே மீண்டும் பயன்படுத்தலாம். நெரிசலான மாலை நேரத்தில் இது நடப்பதில்லை என்பதை நானும் அறிவேன். அதனால் உங்கள் மகனின் அளவுக்கு ஒரு மாஸ்க்கும் கிண்ணமும் மருந்துக் கடையில் வாங்கி, சுத்தமான பையில் இட்டு, போகும்போது கையோடு கொண்டு செல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி நிழலில் காயவையுங்கள். இதில் டொக்டர் மனம் நோக ஒன்றுமில்லை. பல பெற்றோர் செய்வதுதான்.

இன்னொன்றையும் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இலேசான, நடுத்தரமான இழுப்புக்கு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய் போன்ற கூடு) வழியாகக் கொடுத்தால், அது நெபுலைசருக்கு நிகராகவே பிள்ளைகளில் வேலை செய்கிறது. ஸ்பேசர் உங்கள் பிள்ளைக்கு மட்டும் உரியது என்பதால் இந்தக் கவலைக்கே அங்கு இடமில்லை. ஆனால் ஒரு வசனத்தைத் தொடர்ந்து பேச முடியாமல் பிள்ளை மூச்சு வாங்கினால், விலாவெலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுபட்டால், உதடு நீலம் பாரித்தால், மாஸ்க் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் பக்கத்து வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

அடுத்தது ஊசி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சுகள் எங்கும் பழக்கமாகி நெடுங்காலமாகிவிட்டது, ஆகவே உங்களுக்குப் போட்டது புதியதாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அதை நீங்கள் கண்ணால் காண வேண்டும். சிரிஞ்சின் பொதியை உங்கள் முன்னாலேயே கிழிப்பதுதான் முறை. ஊசிமுனையை மட்டும் மாற்றிவிட்டுச் சிரிஞ்சை அடுத்தவருக்குப் பாவிப்பதும் பழைய ஊசியைப் பாவிப்பதற்குச் சமன். இரத்தத்தின் வழியே தொற்றி ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ், காய்ந்துபோன இரத்தத் துளியில் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடு இருக்கக்கூடியது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். பலருக்குப் பல தடவை எடுக்கும் மருந்துக் குப்பியானால், அதைத் திறந்த திகதி அதன் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். தயாரித்தவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 28 நாட்களுக்குப் பிறகு மீதியை வீசிவிட வேண்டும்.

பாவித்த ஊசி எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். முனை குத்தித் துளைக்க முடியாத தடித்த பெட்டி, முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அகற்றப்படும் பெட்டி, அந்த மேசையின் அருகிலேயே இருக்க வேண்டும். முன்பொரு நாள் தனியார் மருந்தகம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் ஒரு தாய் எங்கள் பிரிவுக்கு வந்தார். குப்பைப் பையை இறுக்கிக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறியிருந்தது. யாருடைய இரத்தம் என்று தெரியாத அந்த ஒரு குத்துக்காக, ஆறு மாத காலம் இடைவெளி விட்டு விட்டு இரத்தப் பரிசோதனைக்கு வந்துபோனார். ஒவ்வொரு தடவையும் முடிவுத் துண்டை வாங்கும்போது அவருடைய கை நடுங்கும். முடிவு நல்லபடியாகவே அமைந்தது. அந்த ஆறு மாதத்தை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சரி, அந்த ஊசியில் இருந்த மருந்து என்ன? உங்கள் கடிதத்தில் அது இல்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இங்கிருந்துதான் நான் உறையின் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, படுவான்கரைப் பக்கமிருந்து அறுபது கடந்த விவசாயி ஒருவரை முச்சக்கர வண்டியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வந்தார்கள். உடல் வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. பாரிசவாதம் என்று வீட்டார் அழுதுகொண்டு நின்றார்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தோம். 34 என்று மிகக் குறைவாகக் காட்டியது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து மகனை அடையாளம் கண்டார். எல்லோரும் மூச்சு விட்டோம். ஒரு மணித்தியாலம் கழிந்ததும் மீண்டும் சீனி இறங்கத் தொடங்கியது. என்ன குளிசை எடுத்தார் என்று கேட்டபோது மகன் ஒரு சொப்பிங் பையைக் கட்டிலில் கொட்டினார். பதினொரு உறைகள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்தவற்றில் பெயர் இருந்தது. மற்றவற்றில் பேனாவால் 1-0-1 என்று, அதாவது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மட்டும். உள்ளே வட்டமான வெள்ளைக் குளிசைகள். வைத்தியரும் நானும் மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாக விரல் நுனியால் புரட்டி, எழுத்து ஏதாவது பொறித்திருக்கிறதா என்று தேடினோம். ஒன்றுமில்லை. கடைசியில் மருந்து கொடுத்த டொக்டரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து, உறக்கத்திலிருந்த அவரை எழுப்பிக் கேட்ட பிறகே விளங்கியது: கிளினிக்கில் கொடுத்ததும் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட், இவர் கொடுத்ததும் அதே கிளிக்லசைட். மனிதர் இரண்டையும் இரண்டு மருந்தென்று எண்ணி, ஒழுங்கு தவறாமல் விழுங்கியிருக்கிறார். இந்த வகைக் குளிசை இறக்கிய சீனி பல மணி நேரத்துக்கு மீண்டும் மீண்டும் இறங்கும் என்பதால், அடுத்த நாள் முழுவதும் அவரைக் கண் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த டொக்டர் காலையில் தானாகவே வந்து நோயாளியைப் பார்த்தார். அவரும் நல்லவர்தான். அவருடைய உறையில்தான் பெயர் இல்லை.

இப்போது உங்கள் காய்ச்சலைப் பாருங்கள். வடகீழ்ப் பருவ மழை பெய்து ஓய்கிற நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையான காலம் எங்கள் பக்கத்தில் டெங்குவின் காலம். 2017 இல் மட்டும் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தோடு பதிவானார்கள். எந்தக் காய்ச்சலும் முதல் இரண்டு நாளில் டெங்குவைப் போலவே இருக்கும், டெங்குவும் சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். அந்த நேரத்தில் உடம்பு உளைவுக்கென்று டைக்ளோபெனக், இபுப்ரோபென், மெபெனமிக் அசிட் போன்றவற்றைக் குளிசையாகவோ ஊசியாகவோ பிள்ளைகளுக்கு மலவாசல் வழியாகவோ கொடுத்தால், உள்ளே இரத்தம் கசியும் ஆபத்துக் கூடுகிறது. கொடுக்கத் தகுந்தது பரசிற்றமோல் மட்டும். மூன்றாம் நாளிலாவது இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையை (FBC பரிசோதனை) பார்க்க வேண்டும். காய்ச்சல் விடுகின்ற நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்குப் போட்ட ஊசி இவற்றில் ஒன்றா, வேறொன்றா என்று என்னால் கூற முடியாது. கூற முடியாமல் இருப்பதுதான் குறை. அன்றிரவு நீங்கள் வைத்தியசாலைக்குப் போயிருந்தால், அங்கிருந்த தாதியும் இதையே சொல்லியிருப்பார்.

பரசிற்றமோலே ஆனாலும் பெயர் தெரியாவிட்டால் ஆபத்துதான். வீட்டில் பெனடோல் பாணி கொடுத்துவிட்டு, உறையிலுள்ள பெயரற்ற குளிசையையும் கரைத்துக் கொடுக்கும் தாய்மாரை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மருந்து என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு ஒரு தடவைக்கான அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு அதிகமாகப் போனால் 15 மில்லிகிராம். ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். உங்கள் மகன் 16 கிலோ இருந்தால் 240 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் 10 மில்லிலீற்றர். அதையும் குசினிக் கரண்டியால் அளக்காமல், பாணியோடு வரும் அளவுக் கோப்பையால் அளக்க வேண்டும். எடை பார்க்காமல் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் இடத்தில், உதவியாளரிடம் "தராசில ஒருக்கா நிப்பாட்டுங்க" என்று நீங்களே கேளுங்கள்.

உறையில் என்ன இருக்க வேண்டும்? நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அதன் மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள், கொடுத்த திகதி. ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் எழுதிவிடலாம். ஏன் எழுதுவதில்லை என்று நான் பல டொக்டர்மாரிடம் கேட்டிருக்கிறேன். கூட்டம் அதிகம் என்பார்கள். பெயர் தெரிந்தால் அடுத்த தடவை கடையில் தாங்களாகவே வாங்கிப் போடுவார்கள் என்பார்கள், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் நோயாளி விழுங்கும் பொருளின் பெயரை அவரிடமிருந்து மறைப்பதற்கு அது போதிய நியாயம் ஆகாது. கூட்டம்தான் காரணமென்றால், அதிகம் கொடுக்கும் இருபது மருந்துகளின் பெயருக்கு இருபது இறப்பர் முத்திரை செய்து மேசையில் வைத்தால் போதும். அப்படிச் செய்திருக்கும் ஒரு மருந்தகத்தை எனக்குத் தெரியும். அங்கே வரிசை முன்னையைவிட நீளவில்லை. மருந்தைக் கம்பனி வைக்கும் வியாபாரப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் வழங்க வேண்டும் என்று பாடுபட்ட பேராசிரியர் சேனக்க பிபிலே பிறந்த நாடு இது; 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய உழைப்பால். அந்த நாட்டில் இன்னும் மருந்துக்குப் பெயரில்லாமல் உறை கைமாறுவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

கேட்கலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் கேளுங்கள். உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. கைராசிக்கார டொக்டரிடம் கேள்வி கேட்பது எங்கள் ஊர்களில் மரியாதைக் குறைவாகவே எண்ணப்படுகிறது. அதனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மருந்து எண்ணித் தரும் பெண்ணிடம் வேண்டாம். அவருக்குப் பெயர் தெரியாமலும் இருக்கலாம், எழுதும் அதிகாரமும் இல்லை. டொக்டரின் முன்னால் இருக்கும்போதே, "டொக்டர், ராவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டி வந்தா என்ன மருந்தெண்டு கேட்பாங்க, உறையில பேரை எழுதித் தாங்க" என்று சொல்லுங்கள். ஊசி என்றால், "டொக்டர், என்ன ஊசி இது? கொப்பியில குறிச்சு விடுங்க" என்று கேளுங்கள். ஒரு மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் முந்திச் சொல்லுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதியும் வையுங்கள். ஊசி போட்டதும் எழுந்து போகாமல் இருபது முப்பது நிமிடம் அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் முதலில் தேவைப்படும் அட்ரினலின், ஊசி போடும் எந்த இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது.

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி, டொக்டர்மாரின் தனியார் மருந்தகங்களும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவு வருடந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அரசாங்க வைத்தியர் கடமை முடிந்து மாலையில் மட்டும் நடத்தும் இடமும் இதற்கு விலக்கல்ல. டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சுவரில் இந்தச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா, திகதி நடப்பு வருடத்துக்கு உரியதா என்று காத்திருக்கும் நேரத்தில் பார்க்கலாம். ஆனால் சட்டகத்துக்குள் இருக்கும் சான்றிதழ் மாஸ்க்கைக் கழுவாது என்பதையும் அனுபவத்தில் கண்டவள் நான். என் கண் முதலில் போவது கை கழுவும் தொட்டிக்கு: தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் ஈரமாக இருக்கிறதா என்று. ஈரம் காயாத சவர்க்காரம் அன்று யாரோ கை கழுவியதற்குச் சாட்சி.

முறைப்பாட்டைப் பொறுத்தவரை, முதலில் டொக்டரிடமே பேசுங்கள். பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் ஊரிலிருந்து கல்முனைக்குப் போய் மருந்தெடுப்பவர்களும் இருப்பார்கள். அங்குள்ள மருந்தகமானால் கல்முனைப் பிராந்தியப் பணிமனைக்குப் போக வேண்டும். ஊசியும் இரத்தப் பஞ்சும் வீதிக் குப்பையில் கிடந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவியுங்கள். டொக்டரின் தொழில் நடத்தை பற்றிய பாரதூரமான முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்கு உரியது. எங்கே கொடுத்தாலும் திகதி, நேரம், நடந்தது ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள், உறைகளையும் வீசாமல் வையுங்கள். கோபத்தில் எழுதிய நான்கு பக்கத்தைவிட, திகதியோடு எழுதிய பத்து வரிக்கு மதிப்பு அதிகம்.

டொக்டரை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். பதினைந்து வருடமாக ஒரு குடும்பத்தின் உடம்பை அறிந்த டொக்டர் இலகுவில் கிடைப்பவர் அல்லர். மகனின் இழுப்பு எந்த மாதத்தில் கூடும், உங்களுக்கு எந்த மருந்து ஒத்துவராது, அம்மாவுக்கு எப்போது முதலில் சீனி கண்டது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும்; அதுவும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். நீங்கள் பணிவாகக் கேட்டும் இரண்டாம் தடவையும் பெயர் எழுத மறுத்தால், அல்லது சிரிஞ்சின் பொதியை உங்கள் முன் கிழிக்க மறுத்தால், அப்போது மாறுங்கள். அப்போது தயங்கவும் வேண்டாம்.

அதற்கு முன் இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மா கிளினிக்கிலும் மருந்தெடுக்கிறார், இவரிடமும் மருந்தெடுக்கிறார். அவருடைய கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள எல்லா உறைகளையும், வெறும் உறைகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போங்கள். இரண்டு பக்கத்து மருந்துகளையும் ஒரே மேசையில் பரப்பி, ஒன்றே இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, ஒவ்வோர் உறையிலும் பெயர் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். போகும் வரைக்கும் அம்மாவின் எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே இரண்டு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, உறைகளையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.